வரையாமல் விட்ட படங்கள்: கீத் றொபேட்ஸின் புனைவுலகம்

கீத் றொபேட்ஸ் என்ற பெயரைத் தமிழில் எவரும் எழுதி நான் வாசித்ததில்லை. ஆங்கில விஞ்ஞானப் புனைகதை என்றதும் எங்களுக்கு முதலில் நினைவில் வருபவர் ஆதர் சி. கிளார்க். 1956 இல் இலங்கைக்கு வந்து, 2008 இல் அங்கேயே மறைந்தவர் என்பதால் அவரை அரைவாசி ஊர்க்காரராகவே கணக்கில் வைத்திருக்கிறோம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' வழியாக இந்தத் துறைக்குள் வந்தவர்களுக்கோ விஞ்ஞானப் புனைகதை என்றால் கணினி, இயந்திர நாய், இனி வரப்போகும் நூற்றாண்டு. றொபேட்ஸ் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். அவருடைய ஆகச் சிறந்த நூலான 'பவான்' 1968 இல் வெளிவந்தது. கதையும் 1968 இல்தான் தொடங்குகிறது. ஆனால் அந்த 1968 இல் இங்கிலாந்தின் வீதிகளில் நீராவி இழுவை இயந்திரங்கள் புகை கக்கியபடி சரக்குப் பெட்டிகளை இழுத்துச் செல்கின்றன. மலையுச்சிகளில் நிற்கும் கைகாட்டிக் கோபுரங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. பாப்பரசரின் ஆணை இல்லாமல் எதுவும் அசைவதில்லை.

இந்த நூல் என் கைக்கு வந்தது ஒரு சரிற்றிக் கடையில். அட்டை கிழிந்த, முதுகு வெடித்த பிரதி. இரயிலில் வாசிக்க ஏதாவது இருக்கட்டும் என்று எடுத்தேன். பத்தொன்பது வருடங்களாக இந்த நாட்டில் இருந்தும், இங்கிலாந்தின் மண்ணைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது என்பதை அந்தப் புத்தகம்தான் காட்டியது. சுண்ணாம்புக் குன்றுகள், புதர்க்காடுகள், மழையில் கறுத்த கல்வீடுகள், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகள் எல்லாவற்றையும் அவர் தன் உள்ளங்கையைப் போல அறிந்திருந்தார். டோர்செற் மாவட்டத்துக்கு அவர் எழுதியதைப்போல எங்கள் ஊர்களுக்கு யாராவது எழுதமாட்டார்களா என்றுகூட அப்போது தோன்றியது. எழுதியிருக்கிறார்கள், அது வேறு கட்டுரை.

றொபேட்ஸ் டோர்செற்றில் பிறந்தவர் அல்லர். 1935 இல் நார்த்தாம்ப்டன்ஷயரின் கெற்றரிங் நகரில் பிறந்தவர். ஓவியக் கல்லூரியில் படித்து, சித்திரக்காரராகவும் கார்ட்டூன் படங்களுக்கு அனிமேஷன் வரைபவராகவும் வேலைசெய்தார். விளம்பரத் துறையிலும் உழைத்தார். எழுத்துக்கு வந்தது இருபத்தொன்பதாவது வயதை எட்டும்போதுதான். 1964 இல் 'சயன்ஸ் ஃபான்டஸி' இதழில் அவருடைய முதற்கதைகள் வந்தன. அந்த இதழை அப்போது பொறுப்பேற்றிருந்தவர் கிரில் பொன்ஃபிலியோலி. ஒக்ஸ்ஃபோர்டில் ஓவிய வியாபாரியாக இருந்தவர். பிற்காலத்தில் மோர்ட்டெக்காய் நாவல்களால் பெயர்பெற்றவர். கதை எழுத வந்த இளைஞருக்கு வரையவும் தெரியும் என்று கண்டதும் அட்டைப்படங்களையும் அவரிடமே கொடுத்தார். பிறகு இதழாசிரியர் வேலையிலும் பங்கு கொடுத்தார். 1966 இல் இதழ் 'இம்பல்ஸ்' என்று பெயர் மாறியபோது அதன் முதல் இதழிலிருந்தே 'பவான்' கதைகள் வரத் தொடங்கின. ஒரே ஆள் கதையும் எழுதி, அட்டையும் வரைந்து, மற்றவர்களின் கதைகளையும் திருத்திக்கொண்டிருந்தார். சிற்றிதழ் நடத்திய எவருக்கும் இது புதிதல்ல. அடுத்த வருடம் இதழ் நின்றுபோனது என்பதும் புதிதல்ல.

அனிமேஷன் வேலையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கணினிக்கு முந்திய அந்தக் காலத்தில் ஓர் அசைவை முழுதாக ஒருவரே வரைவதில்லை. கை தூக்குவதற்கு முன் ஒரு படம், தூக்கிய பின் ஒரு படம் என்று முதன்மைச் சித்திரங்களை மூத்த கலைஞர் வரைவார். அவற்றுக்கு நடுவில் வரவேண்டிய பத்துப் பன்னிரண்டு படங்களை இளையவர்கள் நிரப்புவார்கள். எந்த இரண்டு நிலைகளைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் மூத்தவரின் திறமை இருக்கிறது. அவை சரியாக அமைந்தால் நடுவில் உள்ளது தானாகவே வரும்.

'பவான்' இப்படி எழுதப்பட்ட நூல் என்பது என் எண்ணம். இது தொடர்ச்சியான நாவல் அல்ல. தனித்தனிக் கதைகள், அவற்றை அவர் அத்தியாயங்கள் என்று அழைக்காமல் நடனத்தின் அடவுகளைப்போல வரிசைப்படுத்துகிறார். பவான் என்பதே பதினாறாம் நூற்றாண்டின் மெதுவான அரசவை நடனம். முதற்கதையில் ஜெசி ஸ்ட்ரேஞ்ச் என்ற இளைஞனைக் காண்கிறோம். தந்தை அப்போதுதான் இறந்திருக்கிறார். அவரது சரக்கு வண்டித் தொழில் இவன் கைக்கு வந்திருக்கிறது. குளிர்காலத்தின் கடைசிப் பயணம். 'லேடி மார்கரெட்' என்ற இழுவை இயந்திரத்தை அவன் ஓட்டிக்கொண்டு கடலோர ஊருக்குப் போகிறான். அங்கே ஒரு விடுதியில் வேலைசெய்யும் பெண்ணிடம் கல்யாணம் செய்யக் கேட்கிறான். அவள் மறுக்கிறாள். திரும்பும் வழியில் கொள்ளைக்காரர்கள். அவர்களில் ஒருவன் பள்ளிக்காலத்து நண்பன். ஜெசி செய்வதைப் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை; அந்தக் கடைசிப் பக்கங்களின் குளிர் எலும்புக்குள் இறங்கும். அவ்வளவுடன் ஜெசியை விட்டுவிடுகிறார் றொபேட்ஸ். நூலில் மீண்டும் அவனைக் காணும்போது அவன் கிழவன், பெரும் பணக்காரன், மரணப் படுக்கையில் கிடக்கிறான். தம்பி மகள் பக்கத்தில் இருக்கிறாள். நடுவில் உள்ள பல பத்தாண்டுகளைப் பற்றி ஒரு சில வரிகளே. ஆனால் அந்தப் பெண் மறுத்த இரவுக்கும் இந்தப் படுக்கைக்கும் நடுவில் என்ன நடந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். வேலை, வேலை, வேலை. இடையிலுள்ள படங்களை நாங்களே வரைந்துவிடுகிறோம்.

இந்த உலகம் எப்படி வந்தது என்பதையும் அவர் இரண்டு பக்கத்தில் சொல்லி முடித்துவிடுகிறார். 1588 இல் முதலாம் எலிசபெத் அரசி கொலை செய்யப்படுகிறார். அந்தக் குழப்பத்தில் ஸ்பானிய ஆர்மடா கடற்படை வெல்கிறது. புரட்டஸ்தாந்தம் நசுக்கப்படுகிறது. நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் ரோமின் கைக்குள்தான் இங்கிலாந்து. எந்தக் கண்டுபிடிப்புக்கும் திருச்சபையின் அனுமதி வேண்டும். பெற்றோலில் இயங்கும் இயந்திரங்கள் 150 கன சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது என்று ஓர் ஆணை. ஆகவே மோட்டார் வண்டி என்பது காற்று அடித்தால் பாய் விரிக்கவேண்டிய விளையாட்டுச் சாமான். மின்சாரம் என்பது சூனியத்துக்கு அடுத்த பாவம். மற்ற எழுத்தாளர்கள் இதை விளக்கவே நூறு பக்கம் எடுப்பார்கள். றொபேட்ஸுக்கு விளக்குவதில் ஆர்வம் இல்லை. நெம்புகோலின் கைப்பிடி எவ்வளவு சுடும், கொதிகலனில் நீர்மட்டம் இறங்கினால் வண்டியோட்டியின் வயிற்றில் என்ன நடக்கும் என்பதில்தான் அவருக்கு அக்கறை.

கைகாட்டிக் கோபுரங்களின் கதையில் இந்த அக்கறை உச்சத்துக்குப் போகிறது. இவை வெறும் கற்பனை அல்ல. தந்தி வருவதற்கு முன் பிரான்ஸில் கிளோட் ஷாப் அமைத்த கோபுரங்களும், லண்டனிலிருந்து போர்ட்ஸ்மத் வரை பிரிட்டிஷ் கடற்படை 1847 வரை நடத்திய கைகாட்டி வரிசையும் வரலாறு. றொபேட்ஸ் அவற்றை எடுத்து, தந்தியே வராத உலகில் அவை நூற்றாண்டுகளாக வளர்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கிறார். கோபுரக்காரர்களுக்கெனத் தனிச் சங்கம், தனிச் சடங்கு, தனிக் கர்வம். திருச்சபைகூட அவர்களுடைய குறிமொழிக்குள் எட்டிப்பார்க்க முடியாது. ரேஃப் என்ற சிறுவன் இந்தக் கைகளின் அசைவைப் பார்த்துப் பித்துப்பிடித்து, பயிற்சி பெற்று, கடைசியில் ஒரு குளிர்காலத்தில் தன்னந்தனியாக ஒரு கோபுரத்துக்கு அனுப்பப்படுகிறான். கதை தொடங்கும்போதே அவன் பனியில் இரத்தம் சிந்திக்கொண்டு கிடக்கிறான். அதன் பிறகே அவன் எப்படிப் படித்தான், கைப்பிடிகளை இழுத்து இழுத்து அவன் தோள்கள் எப்படி வலித்தன என்பதெல்லாம் வருகின்றன. ஒரு தொழிலைக் கற்றுக்கொள்வதன் சந்தோஷத்தை இவ்வளவு நுணுக்கமாக எழுதிய கதைகள் குறைவு. அந்தச் சந்தோஷத்தின் முடிவு என்னவென்று முதல் பக்கத்திலேயே தெரிந்திருப்பதால் ஒவ்வொரு வரியும் கனக்கிறது.

ஆனால் நான் திரும்பத் திரும்ப வாசிப்பது 'பிரதர் ஜோன்' என்ற கதையைத்தான். றொபேட்ஸின் எல்லா எழுத்துக்கும் சாவி அதற்குள் இருக்கிறது என்று நம்புகிறேன்.

ஜோன் ஒரு துறவி. மடத்தின் கல்லச்சுப் பிரிவில் வேலை. உருண்டை முகம், சாந்த சுபாவம், கெட்டிக்காரக் கை. மடம் வெளி வேலைகளையும் எடுத்துச் செய்கிறது. பக்திப் படமும் வியாபாரப் படமும் ஒரே அச்சுக்கல்லில் பிறக்கின்றன. விளம்பரத் துறையில் உழைத்த றொபேட்ஸ் தன் பழைய வேலைத்தலத்தையே இங்கே வரைந்திருக்கிறார் என்று ஊகிப்பதில் தவறில்லை. கல்லைத் தேய்ப்பது, மெழுகுக் கோலால் வரைவது, ஈரப்படுத்துவது, மை உருட்டுவது என்று ஒவ்வொன்றும் கையால் செய்து பார்த்தவனின் எழுத்து. அப்போது மேலிடத்திலிருந்து ஓர் ஆணை வருகிறது. டோவரில் திருச்சபையின் மத விசாரணை மன்று கூடுகிறது. அதன் நடவடிக்கைகளைப் படமாகப் பதிவுசெய்ய ஒரு சித்திரக்காரன் வேண்டும். ஜோன் போகிறான்.

அங்கே நடப்பது சித்திரவதை. ஜோன் அதைச் செய்யவில்லை. அவன் வரைகிறான். வாரக்கணக்காக வரைகிறான். கை வேலைசெய்கிறது, கை எப்போதும்போல நன்றாகவே வேலைசெய்கிறது. தசை இழுபடும் விதம், வாய் திறக்கும் விதம், வெளிச்சம் விழும் விதம். அவனுடைய திறமைக்கு இதுவரை கிடைக்காத பொருள் கிடைத்திருக்கிறது. படங்கள் அற்புதமானவை. இந்த இடத்தில்தான் கதை எங்களைப் பிடித்துக்கொள்கிறது. அவன் கண்ணை மூடியிருந்தால், கை நடுங்கியிருந்தால், படம் கெட்டுப்போயிருந்தால் அவனை மன்னித்துவிடலாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மடத்துக்குத் திரும்பிய பிறகுதான் அவன் உடைகிறான். பிறகு மடத்தை விட்டு வெளியேறி, மலைகளில் அலைந்து, தரிசனங்கள் கண்டு, மக்கள் பின்தொடரும் கலகக்காரனாகிறான். கடைசியில் புயற்கடலில் ஒரு சிறு படகில் தனியே புறப்படுகிறான்.

இந்தப் பிற்பகுதி முற்பகுதியின் உயரத்துக்கு வரவில்லை. தீர்க்கதரிசிகளை எழுதுவது கடினம். றொபேட்ஸுக்கும் கடினமாகவே இருந்திருக்கிறது. ஆனால் அந்த மன்றில் மூலையில் உட்கார்ந்து பென்சில் சீவும் துறவியை நான் வேறெங்கும் கண்டதில்லை. கொடுமையைப் பதிவுசெய்கிறவன் அதில் எவ்வளவு பங்காளி? சாட்சிக்கும் எழுத்தருக்கும் வித்தியாசம் எங்கே தொடங்குகிறது? போரைப் பற்றி எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் படம் எடுக்கிறவர்களும் நிறைந்த ஒரு சமூகத்தில் இருந்துகொண்டு இந்தக் கதையை நிம்மதியாக வாசிக்க முடியவில்லை.

இதனால்தான் நூலின் இறுதிப் பகுதியுடன் எனக்குச் சண்டை. கோர்ஃப் கோட்டையின் தலைவி எலினோர் ரோமுக்கு எதிராகத் துப்பாக்கிப் பீரங்கியைத் திருப்பிய கதையுடன் நூல் முடிந்திருக்கலாம். (உண்மையான கோர்ஃப் கோட்டையையும் உள்நாட்டுப் போரில் ஒரு பெண்ணே காத்தாள், அவள் பெயர் மேரி பாங்க்ஸ். 1646 இல் நாடாளுமன்றப் படை அதை வெடிவைத்துத் தகர்த்தது. றொபேட்ஸ் அந்த இடிபாட்டைப் பார்த்துத்தான் தன் கதையை அதற்குள் கட்டியிருக்கவேண்டும்.) ஆனால் அவர் அதற்குப் பின் ஒரு சிறு பிற்சேர்க்கை வைக்கிறார். காலம் கடந்துவிட்டது, ரோமின் பிடி போய்விட்டது, இடிந்த கோட்டைக்கு ஓர் இளைஞன் வருகிறான். அவனுக்காக எழுதிவைக்கப்பட்ட கடிதம் ஒன்றைப் பிரிக்கிறான். இதற்கு முன்பும் ஒரு மனித நாகரிகம் இருந்து, தன் ஆயுதங்களாலேயே எரிந்து அழிந்தது என்கிறது கடிதம். திருச்சபை அதை அறிந்திருந்தது. மனிதர் மறுபடியும் அந்த நெருப்பை எட்டும் முன் கொஞ்சம் பக்குவப்படட்டும் என்றுதான் முன்னேற்றத்தைப் பிடித்து நிறுத்தியது. திருச்சபை கொன்றது உண்மை. ஆனால் நாசி முகாம்களின் கணக்கோடும் முதலாம் உலகப்போரின் சேற்றுக்களங்களின் கணக்கோடும் பார்த்தால் அது சிறு தொகை என்பதே அந்தக் கடிதத்தின் வாதம்.

முதல் வாசிப்பில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இவ்வளவு நேரமும் இரண்டு படங்களுக்கு நடுவே இடம்விட்டு எங்களை வரையவிட்ட மனிதர், கடைசியில் எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதி ஒட்டிவிட்டாரே என்ற எரிச்சல் ஒன்று. அதைவிடப் பெரிது மற்றது. பிரதர் ஜோன் ஒவ்வொரு முகமாக வரைந்தான். அந்தக் கடிதம் அந்த முகங்களை எண்களாக்கி, கூட்டிக் கழித்து, பரவாயில்லை என்கிறது. புலம்பெயர்ந்த எங்கள் வீடுகளில் 'அது மட்டும் நடந்திராவிட்டால்' என்ற பேச்சு ஓயாதது. எண்பத்துமூன்று நடந்திராவிட்டால், நூலகம் எரிந்திராவிட்டால் என்று தேநீர் ஆறும்வரை பேசுவோம். அந்தப் பேச்சில் யாராவது எழுந்து, 'நடந்ததும் ஒரு வகையில் நல்லதுக்குத்தான், இல்லாவிட்டால் இங்கே வந்திருப்போமா' என்று சொல்லும்போது ஒரு கணம் அறை அமைதியாகிவிடும். அந்த அமைதிதான் எனக்கு இந்தப் பிற்சேர்க்கையை வாசித்ததும் வந்தது.

என் மகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இங்கே பிறந்தவள், பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது என் பிரதியை எடுத்து இரண்டு நாளில் முடித்தாள். "அப்பா, அது கதைக்குள்ள ஒரு ஆள் எழுதின கடிதம்தானே? ரைட்டர் சொல்றார் எண்டு ஏன் எடுக்கிறீங்கள்? கடிதம் எழுதினவர் தன்ர பக்கத்தைத்தானே சொல்லுவார்" என்றாள். நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில், நூலின் கடைசிச் சொல்லாக அதை வைத்தவர் யார் என்பது. "வாசிச்சு முடிச்ச பிறகு நீங்கள் திரும்பவும் பிரதர் ஜோனுக்குத்தானே போனீங்கள்? அப்ப கடைசிச் சொல் அது இல்லை" என்றாள். இதற்கு என்னிடம் உடனடியாகப் பதில் இருக்கவில்லை.

பிற்பாடு 'வைனாக்ட்ஸ்ஆபென்ட்' வாசித்தபோது அவள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். கிறிஸ்மஸுக்கு முந்திய இரவு என்று பொருள்தரும் ஜெர்மன் சொல்லைத் தலைப்பாகக்கொண்ட இந்தக் கதை 1972 இல் வந்தது. இதுவும் மாற்று வரலாறுதான். இதில் பிரிட்டன் ஹிட்லருடன் சமாதானம் செய்துகொண்டு, இரண்டு பேரரசுகளும் ஒன்றாகிவிட்டன. அந்தப் போர் இல்லை, லண்டன் எரியவில்லை, பெரும் அழிவு தவிர்க்கப்பட்டிருக்கிறது. ஒரு மாளிகையில் கிறிஸ்மஸ் விருந்து. மரம், மெழுகுதிரி, பிள்ளைகளுக்குப் பரிசு. அரச அதிகாரி ஒருவன் தன் காதலியுடன் வருகிறான். இரவு வளர வளர, இந்தச் சமாதானத்தின் அடியில் என்ன புதைந்திருக்கிறது என்பது தெரியவருகிறது. காதலி காணாமற்போகிறாள். 'பவான்' கடிதம் போட்ட அதே கணக்கை வைத்துப் பார்த்தால் இந்த உலகமும் இலாபமே. ஆனால் அந்த மாளிகையில் ஒரு மணிநேரம் இருந்த வாசகர் எவரும் அதை இலாபம் என்று சொல்லமாட்டார். நான்கு வருடங்களுக்குள் றொபேட்ஸ் தன் கடிதத்துக்குத் தானே பதில் எழுதியிருக்கிறார் என்று நான் வாசிக்கிறேன். அவர் அப்படி நினைத்து எழுதினாரா என்பது வேறு விடயம்.

மற்ற நூல்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். முதல் நாவலான 'த ஃபியூறீஸ்' இராட்சதக் குளவிகள் மனிதரைத் தாக்கும் கதை. ஜோன் விண்டம் அந்த வகையை ஏற்கனவே நன்றாக எழுதிவிட்டார். 'அனிற்றா' ஓர் இளம் சூனியக்காரியின் குறும்புக் கதைகள், இரயிலுக்கு ஏற்றவை. 1974 இல் வந்த 'த சோக் ஜயன்ற்ஸ்' அப்படியல்ல. அழிவுக்குப் பிந்திய டோர்செற் மறுபடியும் குலங்களுக்கும் தெய்வங்களுக்கும் திரும்பும் கதைகள். இரத்தமும் சேறும் நிறைந்தவை. 'பவான்' போலவே விட்டுவிட்டு வரையப்பட்டது, ஆனால் இடைவெளிகள் இன்னும் பெரியவை. சில இடங்களில் எனக்கு வழி தவறிவிட்டது.

'மொலி ஸீரோ' 1980 இல் வந்தது. விடுதி போன்ற ஒரு நிலையத்தில் வளர்க்கப்பட்ட பெண்பிள்ளை அங்கிருந்து தப்பி, துண்டாடப்பட்ட இங்கிலாந்தில் அலையும் நாவல். முழுவதும் முன்னிலையில், நிகழ்காலத்தில் எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் அந்த ஒற்றைச் சொல்லுக்கு மரியாதையும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. தமிழில் மொழிபெயர்ப்பவர் முதல் வரியிலேயே 'நீ'யா 'நீங்கள்'ஆ என்று முடிவெடுக்கவேண்டும். 'நீ' என்றால் அவளை நேசிக்கும் ஒருவர் பேசுகிறார். அல்லது அவளை அதட்டும் ஒருவர் பேசுகிறார். நாவலில் இரண்டுமே உண்டு. யாராவது முயன்று பார்க்கலாம்.

'கைற்வேர்ல்ட்' 1985 இல். அணுப்போருக்குப் பின் எஞ்சிய ஒரு நாடு. எல்லைகளில் மனிதரைத் தூக்கிக்கொண்டு பறக்கும் பெரும் பட்டங்கள். அவற்றில் தொங்கும் காவலர்கள் வானத்திலிருந்து வரும் பேய்களுக்காகக் காத்திருக்கிறார்கள். பேய்கள் என்பவை எந்தக் காலத்து ஏவுகணைகளின் நினைவு என்பது எங்களுக்குப் புரியும், அவர்களுக்குப் புரியாது. இதற்கும் வரலாறு உண்டு: சாமுவேல் கோடி என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆள் தூக்கும் பட்டங்களைச் செய்து பிரிட்டிஷ் இராணுவத்துக்குக் கொடுத்தவர். கைவிடப்பட்ட தொழில்நுட்பங்களின் மேல் றொபேட்ஸுக்கு இருந்த பாசம் கடைசிவரை குறையவில்லை.

அவருடைய பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. எண்பதுகளில் கேற்றி என்ற பெண்ணைச் சுற்றி ஒரு கதைத் தொகுப்பு எழுதினார். ஒவ்வொரு கதையிலும் அதே கேற்றி, ஆனால் வேறு வேறு ஆளாக வருவாள். நாடகக் குழுவின் நடிகை ஒவ்வோர் இரவும் வேறு வேடம் கட்டுவதுபோல. யோசனை அழகானது. ஆனால் கேற்றியை மட்டும் அல்ல, மொலி, அனிற்றா, 'கிரான்யா' நாவலின் நாயகி என்று வரிசையாகப் பார்த்தால், ஒரே பெண்ணைத்தான் அவர் ஆயுள் முழுவதும் வரைந்துகொண்டிருந்தார் என்பது விளங்கும். துணிச்சல்காரி, இளையவள், எட்டாதவள். அவளைப் பற்றித் தனியாக ஒரு சிறு நூலே எழுதினார். கார்ட்டூன் ஸ்ரூடியோக்களில் ஒரு பாத்திரத்தை முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று வரைந்து சுவரில் ஒட்டிவைப்பார்கள். வரைகிறவர் எல்லோரும் அதைப் பார்த்தே வரையவேண்டும். றொபேட்ஸின் சுவரில் அப்படி ஒரே ஒரு தாள்தான் இருந்தது. ஆரம்பத்தில் அது பலம். மார்கரெட், எலினோர், 'த வைற் போட்' கதையில் வெள்ளைப் படகின் பின்னால் போகத் துடிக்கும் மீனவப் பெண் ஆகியோருக்குத் தங்கள் சொந்த ஆசைகள் இருந்தன. பிற்காலக் கதைகளில் ஆசைப்படுவது பார்க்கிறவர் மட்டுமே. என் மகள் கேற்றி தொகுப்பை மூன்றாவது கதையில் வைத்துவிட்டாள். அவளைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை.

அனிமேஷன் கூட்டு வேலை. றொபேட்ஸ் கூட்டு வேலைக்கு வாய்க்காதவர். பதிப்பாளர்களுடன் முறிவுகள், நண்பர்களுடன் முறிவுகள். பிரிட்டிஷ் விஞ்ஞானப் புனைகதைச் சங்கத்தின் விருதுகள் கதைக்கும் நாவலுக்கும் ஓவியத்துக்கும் என்று வந்த அதே எண்பதுகளில்தான், அவருடைய நூல்கள் பெரிய பதிப்பகங்களிலிருந்து விலகி கெறோசினா என்ற சிறு பதிப்பகத்துக்கு நகர்ந்தன. 'கிரான்யா' அப்படி வந்ததுதான். சில நூறு பேர் வாங்கி வாசிக்கும் அழகான புத்தகங்கள், அவரே வரைந்த படங்களுடன். 1990 இல் மல்ரிப்பிள் ஸ்கிளீறோசிஸ் நோய் அவரைப் பிடித்தது. 1997 இல் வந்த 'லெமடி' அவருடைய எழுத்து வாழ்க்கையின் நினைவுக் குறிப்புகள். கசப்பு மிகுந்தது, கற்பனைப் பெண்ணொருத்தியுடன் உரையாடுவது போன்றது. 2000 ஒக்ரோபரில் அவர் இறந்தார்.

கிங்ஸ்லி ஏமிஸ் 1976 இல் எழுதிய 'த ஓல்ற்றரேஷன்' நாவலும் ரோமின் பிடி விலகாத இங்கிலாந்தைப் பற்றியது. அதில் பள்ளிப் பையன்கள் ஒளித்துவைத்து வாசிக்கும் தடைசெய்யப்பட்ட புத்தகங்களில் ஒன்று 'காலியர்ட்', எழுதியவர் கீத் றொபேட்ஸ். காலியர்ட் என்பது பவானுக்குப் பின் ஆடப்படும் துள்ளல் நடனம். இல்லாத உலகில் இல்லாத புத்தகமாக இருப்பது ஓர் எழுத்தாளருக்குக் கிடைக்கக்கூடிய வேடிக்கையான மரியாதை.

சென்ற இலையுதிர்காலத்தில் நானும் மகளும் கோர்ஃபுக்குப் போனோம். கோட்டை இப்போது நஷனல் ட்ரஸ்ற் வசம். கோபுரங்கள் ஒன்று ஒரு பக்கமும் மற்றது மறுபக்கமும் சாய்ந்து நிற்கின்றன. வெடிமருந்து வைத்த இடம் இன்றும் தெரிகிறது. கீழே ஸ்வானேஜ் செல்லும் நீராவி இரயில் ஒன்று சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போனது. அவள் என் கிழிந்த பிரதியைக் கொண்டுவந்திருந்தாள். பிற்சேர்க்கை தொடங்கும் பக்கத்தின் ஓரத்தில் நான் பென்சிலால் கோபமாக எழுதியிருந்ததற்குக் கீழே, அவள் ஏதோ எழுதிவைத்திருந்தாள். காற்றில் பக்கம் புரண்டுகொண்டே இருந்ததால் வாசிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்றேன். புத்தகத்தை அவள் தன் பையிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டாள்.